நூற்றிருபது மணித்தியாலம்

அரசறிவியல், மூன்றாம் வருடம்.
உள்ளகப் பயிற்சிக்கு மூன்று கிரெடிட்.
"நூற்றிருபது மணித்தியாலம் நிண்டால் காணும்"
என்று விரிவுரையாளர் சொன்னா.
நிண்டால் என்றுதான் சொன்னா.
முதல் வாரம் எனக்குக் கதிரை கிடைக்கவில்லை.

தெல்லிப்பழைப் பிரதேச செயலகம், காணிக் கிளை.
மின்விசிறி இடப்பக்கம் மட்டும் திரும்பும்.
அந்தப் பக்கத்துக் கோவைகளின் மேல் ஆளுக்கொரு கல்.
வலப்பக்கத்துக் கோவைகளுக்குக் கல் இல்லை,
காற்றும் இல்லை,
அவை வியர்வையில் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

பெயர். அடையாள அட்டை. உறுதி இலக்கம்.
எத்தனை பரப்பு, எத்தனை குழி.
வடக்கே வேலி, கிழக்கே கிணற்றுப் பங்கு,
மேற்கே ஒழுங்கை,
தெற்கே 'தெரியாது'.
ஒரு குடும்பம் ஒரு நிரைக்குள் அடங்கிவிடும்.
கடைசிக் கட்டத்தில் 'விடுவிக்கப்படவில்லை'.
முதல் நாள் அதை ஒவ்வொரு எழுத்தாய் அடித்தேன்.
பிறகு மடிக்கணினி பழகிவிட்டது,
'வி' என்று தொடங்க
மிச்சத்தைத் தானே முடித்துத் தந்தது.

இறைமை என்றால் என்ன?
போன பரீட்சையில் பத்துப் புள்ளிக்கு வந்தது.
நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.
இங்கே அதற்கு நாலு வசனம் இருந்தது:
சேர் மீற்றிங்கில.
சிஸ்டம் வேலை செய்யேல்லை.
இந்தக் கொப்பி தெளிவில்லை.
அடுத்த கிழமை வந்து பாருங்கோ.
மூன்றாம் வாரம்
அவை என் வாயில் திரவியநாதன் சேரின் குரலிலேயே வந்தன,
அவருடைய அந்தச் சின்னச் செருமலோடு.

புஸ்பமலர் மாதத்தில் இரண்டு செவ்வாய் வருவா.
பாடசாலைக் கன்டீனில் வேலை, அரை நாள் லீவு.
மயிலிட்டியில் நாலு பரப்பு.
பொலித்தீன் பையை விரித்து
உறுதியை மேசையில் வைக்கும்போது
மேசையை ஒருமுறை கையால் துடைப்பா.
நானும் நாலாவது வசனத்தைச் சொல்லியிருக்கிறேன்,
நிமிர்ந்து பார்க்காமல்.

கடைசி நாள். நூற்றிருபது மணித்தியாலமும் நிரப்பி
பதிவேட்டைக் கொண்டு போனால்
சேரின் கதிரையில் சேர் இல்லை.
வெள்ளிக்கிழமையோடு முல்லைத்தீவுக்கு மாற்றம்.
புதியவர் இன்னும் பொறுப்பெடுக்கவில்லை.
"இப்ப கையெழுத்து வைக்க ஒருத்தருக்கும் அதிகாரம் இல்லைத் தங்கச்சி,
நாளைக்கு வந்து பாருங்கோ."
சொன்ன பெடியன்
நான் இருந்த கதிரையில்தான் இருந்தான்.
நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாங்கிலில் புஸ்பமலர் பையை மடியில் எடுத்து
எனக்கு இடம் விட்டா.
"உமக்கென்ன?"
"ஒரு கையெழுத்து."
சிரித்தா. எனக்கும் வந்தது.
"எத்தினை மணித்தியாலம்?"
"நூற்றிருபது. மூண்டு கிரெடிட் தருவினம்."
"கிரெடிட் எண்டால் கடன் தானே?
ஆர் ஆருக்குக் குடுக்கிறது?"

எனக்குத் தெரியவில்லை.
பதிவேட்டின் பின்மட்டையில் கணக்குப் பார்த்தேன்:
மாதம் இரண்டு செவ்வாய், நாலு நாலு மணித்தியாலம்,
எட்டு வருடம்.
நாற்பதால் பிரிக்க
பத்தொன்பது கிரெடிட், எட்டு மணித்தியாலம் மிச்சம்.
அவவுக்குக் காட்டவில்லை.
மட்டையைக் கிழிக்கவும் முடியாது,
பக்கம் குறைந்தால் திணைக்களம் ஏற்காது.
அழித்தேன். பேனை மை,
முழுதாய்ப் போகவில்லை.

மூன்றாம் நாள் கையெழுத்து கிடைத்தது.
புதியவர் எனக்கு மட்டும் எழும்பி நின்று போட்டார்,
கம்பஸ் பிள்ளை என்று.
வாங்கிலில் இருந்த ஆறு பேரும்
அதைப் பார்த்தார்கள்.

'கற்றுக்கொண்டவை, இருநூறு சொற்களுக்குள்.'
நிர்வாகப் பரவலாக்கம் பற்றி எழுதினேன்.
இதை எழுதவில்லை:
இறுதி நாளுக்கு முதல் நாள், நானூற்றுப் பன்னிரண்டாம் நிரையில்,
'விடுவிக்கப்பட்டது' என்று
ஒருக்கால் அடித்துப் பார்த்தேன்.
கட்டத்துக்குள் இடம் தாராளமாய் இருந்தது.
அப்படியே விட்டிருந்தால்
அடுத்த 'வி'க்கு அந்த இயந்திரம்
கொஞ்சம் யோசித்திருக்கும்.
அழித்துவிட்டு, பழையதைப் போட்டேன்.

ஏ மைனஸ் வந்தது.
இந்த அரையாண்டு
செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு
ஒன்பது மணிக்கு விரிவுரை.